ஹெலன் ஷ்வைட்சர்: இசையும் இரக்கமும் இணைந்த ஒரு தொண்டு வாழ்வு

பாடசாலை நாட்களில் பொது அறிவுப் போட்டிக்காக நாம் மனனம் செய்த வினாவிடைகளில் ஒன்று உங்களிற் பலருக்கு இன்னமும் நினைவிருக்கும். 1952ஆம் ஆண்டுக்குரிய சமாதானத்துக்கான நோபல் பரிசு யாருக்கு வழங்கப்பட்டது? வைத்தியர் அல்பேர்ட் ஷ்வைட்சருக்கு. ஆபிரிக்கக் காட்டில் ஆற்றங்கரையிலே வைத்தியசாலை அமைத்தவர், இறையியல் அறிஞர், ஐரோப்பாவின் சிறந்த ஓர்கன் கலைஞர்களுள் ஒருவர் என்றெல்லாம் ஆசிரியர்கள் சொல்லித் தந்தார்கள். அவருடைய மனைவியைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரிதான் இருந்தது. அவர் ஒரு தாதி, கணவருக்கு உதவியாக இருந்தார் என்பதே அந்த வரி.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, அந்த ஒரு வரிக்குள் அடக்கப்பட்ட பெண்மணியைப் பற்றியே எழுத விரும்பினேன். அதற்கு என் தொழிலும் ஒரு காரணம். நான் மயக்கமருந்து வைத்தியர். சத்திரசிகிச்சை முடிந்து வீடு செல்லும் நோயாளி சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார். தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருந்தவரின் பெயரை அவர் கேட்பதும் அரிது. லம்பரேனேயில் அல்பேர்ட் ஷ்வைட்சர் செய்த முதற் சத்திரசிகிச்சைகளில் அவ்வாறு தலைமாட்டில் நின்றவர் ஹெலன்.

ஆயினும் அவரை ஓர் உதவியாளராக மட்டும் காண்பது பிழை. கணவர் மருத்துவக் கல்வியைத் தொடங்குவதற்கு முன்னரே ஏழைச் சிறார்களுக்காக ஒரு நகரத்தின் தெருத்தெருவாக நடந்தவர் அவர். சமூகசேவை அவருக்குத் திருமணத்தால் வந்த சீதனமல்ல.

ஹெலன் பிரெஸ்லௌ 1879 ஜனவரி 25ஆம் திகதி பேர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் ஹரி பிரெஸ்லௌ ஜேர்மனியின் பெயர்பெற்ற வரலாற்றறிஞர். பழைய சாசனங்களையும் ஆவணங்களையும் ஆராய்வதில் அவருக்கு நிகரானோர் சிலரே. எனினும் யூதராக இருந்தமையால் பேர்லினில் அவருடைய தகுதிக்கேற்ற பதவி கிடைக்கவில்லை. 1890இல் ஸ்ட்ராஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த அல்சாஸ் பிரதேசத்தின் தலைநகரம் அது. பதினொரு வயதுச் சிறுமியாக ஹெலன் அங்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் மூவரும் கிறிஸ்தவ ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பிறப்பைப் பார்த்து ஒருவரின் கதவை அடைப்பது எத்தகையது என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் இளமையிலேயே அறிந்திருந்தார்கள்.

படிப்பில் ஆர்வமுள்ள ஒரு பெண் அக்காலத்தில் அடையக்கூடியவை மிகக் குறைவு. ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் பெண்களை முழு மாணவர்களாகச் சேர்க்கத் தயங்கிய காலம் அது. பேராசிரியரின் மகளாயினும் ஆசிரியப் பயிற்சிப் பரீட்சையே ஹெலனுக்குத் திறந்திருந்த வழி. அதிற் சித்தியெய்திய பின் ஸ்ட்ராஸ்பேர்க் இசைக்கல்லூரியில் சங்கீதம் கற்றார். பியானோ அவருக்குப் பொழுதுபோக்கல்ல, முறையாகப் பயின்ற கலை. இத்தாலிக்குச் சென்று ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்த்து வந்தவர், பல்கலைக்கழகத்திலே கலை வரலாற்று விரிவுரைகளுக்கும் சென்றார். அந்த நிலையில் நின்றிருந்தால் நல்ல வரன் பார்த்து மணமுடித்து, மாலை வேளைகளில் விருந்தினருக்குப் பியானோ வாசிக்கும் ஒரு சீமாட்டியாக அவர் வாழ்ந்திருக்கலாம்.

1898ஆம் ஆண்டு ஒரு திருமண வீட்டிலே அல்பேர்ட் ஷ்வைட்சரைச் சந்தித்தார். அவர் கிராமப் போதகர் ஒருவரின் மகன். அப்போது அவருக்கு வயது 23. இறையியலும் தத்துவமும் படித்துக்கொண்டே, பாரிஸ் சென்று புகழ்பெற்ற ஓர்கன் ஆசான் விடோரிடம் இசை பயின்றுகொண்டிருந்தார். சைக்கிள் ஓட்டுவதும் இசை கேட்பதும் நூல்களைப் பற்றி விவாதிப்பதுமாக இளைஞரும் யுவதியருமான ஒரு நண்பர் வட்டம் அவர்களைச் சுற்றி இருந்தது. இருவரையும் நெருங்கச் செய்தது இசை மட்டுமன்று. தமக்குக் கிடைத்த கல்வியும் சுகமும் எல்லோருக்கும் கிடைப்பவையல்ல, ஆகவே அவற்றுக்குக் கைம்மாறு செய்தாக வேண்டும் என்ற எண்ணம் இருவரிடமும் வேரோடியிருந்தது. முப்பது வயது வரை கலைக்கும் அறிவுக்கும் வாழ்வதென்றும் அதன் பின் மனிதருக்கு நேரடியாகத் தொண்டாற்றுவதென்றும் அல்பேர்ட் 21ஆம் வயதிலேயே தமக்குள் தீர்மானித்திருந்தார்.

ஹெலன் முப்பது வயது வரை காத்திருக்கவில்லை. 1902இல் இங்கிலாந்து சென்று ஆசிரியையாகப் பணியாற்றினார். 1904இல் ஸ்டெட்டின் நகரிலே சில மாதங்கள் தாதிப் பயிற்சி பெற்றார். 1905இல் ஸ்ட்ராஸ்பேர்க் மாநகரசபை அவரை அநாதைச் சிறாரின் மேற்பார்வையாளராக நியமித்தது. ஒரு பெண் இத்தகைய உத்தியோகம் பார்ப்பது அன்று மிகவும் புதுமை.

வேலை இலகுவானதல்ல. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், திருமணமாகாத தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளும் நகரசபையின் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு வேளைக்கு உணவு கிடைக்கிறதா, படுக்க இடமிருக்கிறதா, பள்ளிக்கூடம் போகிறார்களா, அடி வாங்குகிறார்களா என்பதை வீடு வீடாகச் சென்று பார்க்க வேண்டும். பேராசிரியரின் மகள் ஒண்டுக்குடித்தன வீடுகளின் இருண்ட படிக்கட்டுகளில் ஏறி இறங்கினார். 1909 வரை நான்கு ஆண்டுகள் இந்தப் பணியைச் செய்தார். மாலையில் வீடு திரும்பினால் பியானோ இருந்தது.

அந்த அலைச்சலில் அவர் கண்ட ஒரு துயரம் அவரை மேலும் ஒரு படி கொண்டுசென்றது. மணமாகாமல் தாயான இளம்பெண், பிள்ளைப்பேற்று விடுதியிலிருந்து வெளியேறியதும் போக்கிடமின்றி நிற்பாள். வேலைக்குச் செல்வதானால் கைக்குழந்தையை யாரிடமாவது கூலிக்கு விட வேண்டும். தாய்ப்பால் இழந்த குழந்தை, சுத்தமற்ற புட்டிப்பாலால் வயிற்றோட்டம் கண்டு இறந்துபோவது அக்கால ஐரோப்பிய நகரங்களிலே சாதாரணம். இன்றைய மகப்பேற்று, சிறுபிள்ளை நல வைத்தியத்தில் நாம் அரிச்சுவடியாகக் கற்பதை அவர் கண்ணாற் கண்டு அறிந்துகொண்டார். தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் வைத்திருந்தால் இரண்டு உயிர்களும் பிழைக்கும். 1907இல் அத்தகைய தாய்மார் தம் குழந்தைகளோடு தங்குவதற்கான இல்லமொன்று ஸ்ட்ராஸ்பேர்க்கில் அவருடைய முயற்சியால் திறக்கப்பட்டது. தவறிய பெண்கள் என்று சமூகம் ஒதுக்கியவர்களுக்காக, மணமாகாத ஒரு பெண் முன்னின்று உழைப்பது அன்றைய மத்தியதர வகுப்பினர் மெச்சக்கூடிய காரியமாக இருந்திருக்காது.

இதற்கிடையில் அல்பேர்ட் தமது முப்பதாவது வயதில், 1905இல், தம் முடிவை வெளியிட்டார். மருத்துவம் கற்று மத்திய ஆபிரிக்காவுக்குச் செல்வதே அம்முடிவு. உறவினரும் நண்பரும் திகைத்தனர். அவர் அப்போது இறையியற் கல்லூரியொன்றின் தலைவர். இசைமேதை யோகான் செபஸ்தியன் பாக் பற்றி அவர் பிரெஞ்சில் எழுதிய பெருநூல் அதே ஆண்டில் வெளியாயிற்று. இத்தனையையும் விட்டுவிட்டு மாணவர் வாங்கிலே மீண்டும் அமர்வது பைத்தியக்காரத்தனம் என்று பலர் கருதினார்கள். அவருடைய உள்ளக்கிடக்கையை முன்னரே அறிந்து ஊக்கமளித்தவர் ஹெலன். பாக் பற்றிய நூல் உட்பட அவருடைய கையெழுத்துப் பிரதிகளை வாசித்துத் திருத்துவதும், அச்சுப்பிழை பார்ப்பதும் அவரது கைக்கு வந்தன. இசை கற்றவர் ஆதலால் அது வெறும் எழுத்துப்பிழை பார்க்கும் வேலையாக இருக்கவில்லை.

ஆபிரிக்காவில் ஒரு வைத்தியருக்கு முதலில் தேவைப்படுபவர் பயிற்சி பெற்ற தாதி. ஆகவே 1909இல் ஹெலன் தம் உத்தியோகத்தைத் துறந்து பிராங்க்பேர்ட்டில் முறையான தாதிப் பயிற்சியை மேற்கொண்டார். அப்போது அவருக்கு வயது 30. அந்தக் கடும் உழைப்பின் பின் அவருடைய உடல் தளர்ந்தது. காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஓய்வெடுத்துத் தேறிய பின் 1912 ஜூன் 18ஆம் திகதி அவர்களுடைய திருமணம் நடைபெற்றது.

வைத்தியசாலைக்கு வேண்டிய பணத்தை அவர்களே திரட்ட வேண்டியிருந்தது. நூல்களின் வருமானமும் ஓர்கன் கச்சேரிகளின் வருமானமும் நண்பர்களின் நன்கொடையும் சேர்ந்தே மருந்துகளாகவும் கருவிகளாகவும் மாறின. மூட்டைமுடிச்சு கட்டி அனுபவமுள்ள எம்மவர்க்கு, ஒரு வைத்தியசாலைக்கான பொருட்களைப் பட்டியலிட்டு, வாங்கி, எண்ணிப் பெட்டிகளில் அடைப்பது எத்தகைய வேலை என்று சொல்லத் தேவையில்லை. எழுபது பெட்டிகள் முன்கூட்டியே துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டன. 1913 மார்ச்சில் பெரிய வெள்ளிக்கிழமையன்று அல்பேர்ட்டின் பெற்றோர் வாழ்ந்த குன்ஸ்பாக் கிராமத்திலிருந்து இருவரும் புறப்பட்டனர். ஏப்ரல் 16ஆம் திகதி, இன்றைய கபோன் நாட்டின் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனேயை அடைந்தனர்.

அங்கே வைத்தியசாலைக் கட்டடம் எதுவும் இருக்கவில்லை. நோயாளிகள் மட்டும் காத்திருந்தார்கள். பழைய கோழிக்கூடு ஒன்றைத் துப்புரவாக்கிச் சுண்ணாம்பு பூசி அதனையே முதற் சிகிச்சை அறையாக்கினார்கள். ஓடங்களில் நாட்கணக்காகப் பயணம் செய்து வந்தவர்களுக்கு மலேரியா, தூக்கநோய், தொழுநோய், வயிற்றுளைவு, ஆறாத புண்கள், சிக்கிக்கொண்ட குடலிறக்கம் என்று நோய்கள் பல. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 நோயாளிகளை அவர்கள் பார்த்தார்கள். மருந்துகளையும் புண்துணிகளையும் கவனிப்பது, கருவிகளை அவித்துத் தொற்றுநீக்குவது, சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியைத் தயார்ப்படுத்துவது, மயக்கமருந்து கொடுப்பது, பின்னர் விழிக்கும் வரை காத்திருப்பது எல்லாம் ஹெலனின் பொறுப்பு. இத்தனைக்கும் மேலாக ஒரு வீட்டையும் அவர் நடத்தினார். மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் அந்த நாட்டைச் சேர்ந்த யோசப் அசோவானி அவர்களோடு நின்றார். அவரின்றி அந்த வைத்தியசாலை ஒரு நாளேனும் நடந்திருக்காது.

மயக்கமருந்து கொடுக்கும்போது இன்று எனக்கு இதயத் துடிப்பைக் காட்டும் திரை உண்டு, ஒட்சிசனின் அளவைச் சொல்லும் கருவி உண்டு, அவசரமானால் ஓடிவர ஆட்கள் உண்டு. ஹெலனுக்கு இருந்தவை கண்ணும் காதும் நாடியில் வைத்த விரலுமே. மூச்சின் லயம் சற்று மாறினாலும் செவி கண்டுபிடிக்க வேண்டும். அவர் கற்ற சங்கீதம் அந்த இடத்திலும் துணை நின்றிருக்கும் என்று எண்ணிக்கொள்வது என் சொந்த மகிழ்ச்சி.

சங்கீதம் அவர்களோடு ஆபிரிக்காவுக்கும் வந்திருந்தது. பாரிஸ் நகரின் பாக் சங்கத்தார், ஓர்கனுக்குரிய கால்மிதிகள் பொருத்திய பியானோ ஒன்றை அல்பேர்ட்டுக்கு அன்பளிப்புச் செய்திருந்தனர். வெப்பமண்டலத்தின் ஈரமும் கறையானும் தீண்டாதவாறு அது விசேடமாகச் செய்யப்பட்டிருந்தது. பகற்பொழுதின் வேலை முடிந்தபின் ஆற்றங்கரை இருளில் பாக்கின் இசை எழும். இசையைத் துறந்து வந்ததாகவே அல்பேர்ட் எண்ணியிருந்தார். அது அவர்களை விட்டுப் போகவில்லை.

1914 ஓகஸ்ட்டில் முதலாம் உலகப்போர் மூண்டது. லம்பரேனே பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அல்சாஸிலிருந்து வந்த இவர்களோ ஜேர்மன் பிரசைகள். நேற்று வரை வைத்தியரும் தாதியுமாக இருந்தவர்கள் ஒரே இரவில் எதிரிகளானார்கள். வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். சில மாதங்களில் மீண்டும் நோயாளரைப் பார்க்க அனுமதி கிடைத்ததெனினும் பணமும் மருந்தும் குன்றின. 1917இல் கைதிகளாகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பிரெனீஸ் மலையடிவாரத்திலும் பின்னர் புரோவான்ஸ் பகுதியிலும் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். முகாமிலே அல்பேர்ட் ஒரு மேசையை ஓர்கனின் கட்டைகளாகவும் தரையைக் கால்மிதிகளாகவும் பாவித்து, ஒலியில்லாமலே இசைப்பயிற்சி செய்தார். 1918இல் கைதிப் பரிமாற்றத்தில் அவர்கள் ஊர் திரும்பியபோது ஹெலன் கருவுற்றிருந்தார். 1919 ஜனவரி 14ஆம் திகதி, தந்தையின் பிறந்தநாளிலேயே, மகள் ரேனா பிறந்தாள். தாய்க்கு அப்போது வயது 39.

வெப்பமும் முகாம் வாழ்வும் அவருடைய உடலை உருக்கியிருந்தன. பழைய காசநோய் மீண்டும் தலைதூக்கியது. காசநோய்க்கு அன்று மருந்தில்லை. ஓய்வும் மலைக்காற்றும் நல்லுணவுமே சிகிச்சை. நோயைக் கொல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1940களிலேதான் வந்தது. ஒகோவே ஆற்றங்கரையின் புழுக்கம் அவருக்கு உகந்ததல்ல என்பது தெளிவாயிற்று. 1923இல் ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், கோனிக்ஸ்ஃபெல்ட் என்ற ஊரில் அவருக்காக ஒரு வீடு கட்டப்பட்டது. 1924இல் அல்பேர்ட் ஹெலனின் சம்மதத்துடன் தனியே லம்பரேனேக்குத் திரும்பினார். ஐந்து வயது மகளோடு ஹெலன் அந்த வீட்டிலே தங்கினார். அல்பேர்ட் மறுபடி ஐரோப்பா வர மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இந்த வாழ்க்கையிற் கடினமான பகுதி இதுதான். கோழிக்கூட்டையும் கைதி முகாமையும் தாங்கியவருக்கு, தாம் இல்லாமலே பணி தொடர்வதைத் தாங்குவது கடினமாக இருந்தது. மத்தில்ட் கொட்மன், எம்மா ஹவுஸ்க்னெக்ட் ஆகிய தாதியர் ஐரோப்பாவிலிருந்து சென்று, அவர் நின்ற இடத்தில் நின்றார்கள். அவர்கள் பல்லாண்டுகள் உண்மையாக உழைத்த உத்தமிகள். புதிய இடத்தில் வைத்தியசாலை பெரிதாக வளர்ந்தது. உலகம் அதனை ஒரு மனிதரின் பெயரால் அறிந்துகொண்டது. ஹெலனோ தூரத்து வீடொன்றில் காய்ச்சலை அளந்துகொண்டு, தந்தையைக் காணாமல் வளரும் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தார். 1929 இறுதியில் எப்படியாயினும் திரும்புவதென்று கணவருடன் லம்பரேனே சென்றார். சில மாதங்களிலேயே நோயுற்று மீண்டும் ஐரோப்பா வர நேர்ந்தது. அல்பேர்ட்டைப் புகழும் நூல்கள் இந்தப் பிரிவைத் தியாகம் என்று ஒரு சொல்லிற் கூறிக் கடந்துவிடும். அது ஒரு தாய்க்கும் மகளுக்கும் நோவாகவும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. பெரிய தொண்டுகளுக்குக் குடும்பங்கள் செலுத்தும் விலை பல வேளைகளிற் கணக்கில் எழுதப்படுவதில்லை.

ஆனால் ஹெலன் நோயாளியாக மட்டும் வாழ்ந்துவிடவில்லை. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதராகப் பிறந்த அவருக்கு ஜேர்மனியில் இடமில்லாது போயிற்று. மகளுடன் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிற் குடியேறினார். காட்டில் வேலை செய்ய இயலாத உடம்பு, மேடையிற் பேச இயலாததல்ல என்று கண்டார். 1937, 1938ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று லம்பரேனே பற்றி ஊரூராக விரிவுரை ஆற்றினார். அவர் அங்கு தேடிய நட்பின் பெறுமதி பின்னரே தெரிந்தது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவிலிருந்து உதவி வரும் வழிகள் அடைபட்டன. அப்போது லம்பரேனேயின் மருந்து அலுமாரியை நிரப்பியவை அமெரிக்க நண்பர்கள் அனுப்பிய பொருட்களே.

1940இல் ஜேர்மன் படைகள் பிரான்சுக்குள் நுழைந்தபோது ஹெலன் மகளின் குடும்பத்தோடு அங்கே இருந்தார். மற்றவர்களோடு தெற்கு நோக்கி ஓடினார். இடப்பெயர்வு என்றால் என்னவென்று எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. யூதப் பிறப்பு, நோயுற்ற நுரையீரல், அறுபதைக் கடந்த வயது என்ற மூன்றையும் சுமந்துகொண்டு அவர் தேடிச் சென்ற புகலிடம் லம்பரேனே. போர்த்துக்கல் சென்று, கப்பலேறி அங்கோலாவை அடைந்து, அங்கிருந்து தரைவழியாகவும் பயணம் செய்து 1941 ஓகஸ்ட்டில் வைத்தியசாலை வாசலில் வந்து நின்றார். வருடக்கணக்காக விடுமுறையின்றி உழைத்துக் களைத்த தாதியருக்கு ஓய்வு கொடுத்து, அவர்களுடைய வேலையைத் தாம் ஏற்றார். 62 வயதில் மீண்டும் தாதியாக வேலை செய்தார். 1946 வரை ஐந்து ஆண்டுகள் அங்கே தங்கினார். உகந்ததல்ல என்று விலக்கப்பட்ட அதே புழுக்கத்தில், தமது பழைய இடத்தில் மறுபடி நின்றார்.

போருக்குப் பின் உலகப் புகழ் வந்தது. 1952ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு 1953இல் அறிவிக்கப்பட்டது. பரிசுப்பணம் தொழுநோயாளருக்கான குடியிருப்பை அமைக்கப் பயன்பட்டது. 1954 நவம்பரில் ஒஸ்லோவிலே அல்பேர்ட் தமது நோபல் உரையை ஆற்றியபோது ஹெலனும் உடனிருந்தார். 1957 ஜூன் 1ஆம் திகதி சூரிச் நகரில் அவர் காலமானார். அஸ்தி லம்பரேனேயில் அடக்கம் செய்யப்பட்டது. 1965இல் அல்பேர்ட் மறைந்தபோது அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தந்தையைக் காணாமல் வளர்ந்த ரேனா, நடுவயதில் ஆய்வுகூடப் பயிற்சி பெற்று லம்பரேனே சென்று ஆய்வுகூடத்தை உருவாக்கினார். தந்தைக்குப் பின் வைத்தியசாலையின் நிருவாகப் பொறுப்பை ஏற்றவரும் அவரே.

லம்பரேனே குறைகளற்றதன்று. ஆபிரிக்க மக்களைத் தம்பிமாராகக் கருதித் தம்மை மூத்தவராக வைத்துக்கொண்ட அல்பேர்ட்டின் போக்கைப் பிற்காலத்தவர் கண்டித்தது நியாயமே. குடியேற்ற ஆட்சியின் நிழல் அந்த வைத்தியசாலையிலும் படிந்திருந்தது. அதே மனிதர்தான் இந்திய சிந்தனை பற்றிய தமது நூலில் எங்கள் திருக்குறளின் அறத்தை வியந்து போற்றியவர். மனிதரை முழுமையாக அறிந்துகொண்டு மதிப்பதே முதிர்ச்சி. அந்த முழுமைக்குள் ஹெலனையும் யோசப்பையும் சேர்த்தால்தான் லம்பரேனேயின் கதை உண்மையாகும்.

ஹெலனின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. சேவை என்பது ஒரே இடத்தில், ஒரே பதவியில் நின்று செய்வது மட்டுமன்று. நடக்க முடிந்தபோது அவர் படிக்கட்டுகளில் ஏறினார். நிற்க முடிந்தபோது நோயாளியின் தலைமாட்டில் நின்றார். படுக்கையில் விழுந்தபோது ஒரு பிள்ளையை வளர்த்தார். பேச மட்டும் முடிந்தபோது பேசினார். மீண்டும் எழ முடிந்தபோது, யாரும் எதிர்பாராத வயதில் வேலைக்குத் திரும்பினார். உடலும் காலமும் எதை விட்டுவைத்தனவோ அதனைக் கொடுத்தார். எமது பழைய மாணவிகளுள் உத்தியோகத்தைப் பிள்ளைகளுக்காக விட்டவர்கள் இருக்கிறார்கள். இங்கே பட்டதாரி ஆசிரியையாக இருந்து, புலம்பெயர்ந்த நாட்டில் தொழிற்சாலை வேலைக்குச் சென்று தம்பி தங்கைகளைக் கரைசேர்த்தவர்கள் இருக்கிறார்கள். நோயோடும் நோயாளரோடும் வீட்டுக்குள்ளே வருடங்களைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். தாம் எதையும் சாதிக்கவில்லை என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதினேன்.

எமது மண்டபச் சுவரிலே அதிபர்களின் பெயர்களும் சங்கத் தலைவிகளின் பெயர்களும் பொன்னெழுத்தில் உள்ளன. அவை அங்கே இருக்க வேண்டியவையே. விடுதியில் எமக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்த மேற்றன், சங்கீத வகுப்புக்கு மணி தவறாமல் சுருதிப்பெட்டியை எடுத்து வைத்த அக்கா, இடம்பெயர்ந்த நாட்களிற் பதிவேடுகளைக் காத்து வைத்திருந்த எழுதுவினைஞர் ஆகியோரின் பெயர்கள் அங்கே இல்லை. அவர்களை அறிந்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் கொழும்பிலும் ஊரிலும் இருக்கும் சகோதரிகளிடம் நான் வேண்டுவது, உங்களுக்கு நினைவிலுள்ள அத்தகைய ஒருவரின் பெயரையும் அவர் செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள் என்பதே. நூற்றாண்டு விழா நிறைவுறுமுன் அவற்றை ஒரு ஏட்டிற் பதிந்து கல்லூரி நூலகத்தில் வைப்போம்.



மயக்கமருந்து வைத்திய நிபுணர்
பழைய மாணவி, உயர்தரம் 1999